சிங்கப்பூரிலிருந்து ரேடியோவில் சூப்பர்நோவா: டிஷ் வாங்குவதா, காப்பகத்தைத் தோண்டுவதா?

வானியல் மன்றத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி மானியம் கிடைத்துவிட்டால் முதலில் எழும் ஆசை டிஷ்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டம், தொடக்கக் கல்லூரி ஆய்வு, உயர்நிலைப் பள்ளி இணைப்பாட நடவடிக்கை எதுவாக இருந்தாலும் கனவு ஒன்றே: கூரையில் டிஷ், கணினித் திரையில் வரைபடம், கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த ஒரு விண்மீன், அதாவது சூப்பர்நோவா. முதல் இரண்டும் நடக்கும். மூன்றாவது நடக்காது. ஏன் நடக்காது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், காசையும் ஓராண்டு உழைப்பையும் எதில் போடுவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இருக்கும் வழிகள் நான்கு. சொந்த டிஷ். வெளிநாட்டு மலையுச்சியில் இருக்கும் ஒளித் தொலைநோக்கியை இணையம் வழி இயக்குவது. பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் ஏற்கெனவே எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் படங்களை அலசுவது. இந்தியாவில் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி போன்ற ரேடியோ தொலைநோக்கி ஒன்றில் நேரம் கேட்டு விண்ணப்பிப்பது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதல் ஆண்டுக்கு மூன்றாவது வழி, அது கைவந்த குழுவுக்கு இரண்டாம் ஆண்டில் நான்காவது. டிஷ் வேறொரு வேலைக்கு அருமையான கருவி, இந்த வேலைக்கு அல்ல.

எது ரேடியோவில் தெரியும், எது தெரியாது

சூப்பர்நோவாவின் ரேடியோ ஒளி வெடிப்பிலிருந்து நேரடியாக வருவதில்லை. விண்மீன் சாவதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளாக உதறித் தள்ளிய வாயு அதைச் சுற்றி நிற்கும். வெடிப்பின் அதிர்ச்சி அலை அந்த வாயுவில் மோதி எலெக்ட்ரான்களை முடுக்க, அவை காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. சுற்றிலும் வாயு இல்லையென்றால் ரேடியோவும் இல்லை. வெள்ளைக் குறு மீன் வெடிக்கும் 1ஏ வகை பெரும்பாலும் இப்படித்தான். 2014இல் எம்82 விண்மீன் திரளில் வெடித்த எஸ்என் 2014ஜே வெறும் 1.2 கோடி ஒளியாண்டு தூரம். ரேடியோவில் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. 1ஏ வகையில் ரேடியோவில் பிடிபட்ட முதல் சூப்பர்நோவா எஸ்என் 2020இஒய்ஜே. அந்த முடிவு வெளியானதே 2023இல்தான். ஆகவே இலக்குப் பட்டியல் போடும்போது 1ஏ வகையைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடலாம்.

பெரிய விண்மீன்கள் தம் எடை தாளாமல் சரிந்து வெடிக்கும் வகைகளிலும் எல்லாம் தெரிவதில்லை. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 294 சூப்பர்நோவாக்களின் ரேடியோ அவதானிப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் ரேடியோவில் தெரிந்தவை 31 விழுக்காடு. உச்சத்தை எட்டச் சராசரியாக 50 நாள் வாக்கில் ஆகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் மிக அதிகம்: சில நாளில் எட்டுபவையும் உண்டு, ஆண்டுக் கணக்கில் இழுப்பவையும் உண்டு. இன்னொன்று: உயர் அதிர்வெண்ணில் முதலில் தெரியும், தாழ் அதிர்வெண்ணில் பிந்தித் தெரியும். வெளியே இருக்கும் வாயு தாழ் அதிர்வெண்களை நெடுநாள் விழுங்கிக்கொண்டிருப்பதே காரணம். எந்தத் தொலைநோக்கியை எப்போது நாடுவது என்பதை இந்த ஒரு குணம் தீர்மானிக்கிறது.

டிஷ்: கணக்கு எங்கே உதைக்கிறது

ரேடியோ வானியலில் பிரகாசத்தின் அலகு ஜான்ஸ்கி. சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு, 10இன் மைனஸ் 26ஆம் அடுக்கு வாட். 1993இல் எம்81 திரளில் வெடித்த எஸ்என் 1993ஜே அண்மைக் காலத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ சூப்பர்நோவாக்களில் ஒன்று. அதுவே உச்சத்தில் 0.1 ஜான்ஸ்கியைத்தான் தொட்டது.

இப்போது கூரையில் 1.5 மீட்டர் டிஷ் ஒன்றை வையுங்கள். செயல்திறன் பாதி என்றால் பயன்படும் பரப்பு 0.9 சதுர மீட்டர். எதிர் புளோக்கின் சுவர் 300 கெல்வினில் ஒளிர்ந்துகொண்டிருக்கும், அது டிஷின் பக்கவாட்டு வழியாக உள்ளே வரும். எனவே மொத்த இரைச்சல் வெப்பநிலையை 150 கெல்வின் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 2 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து சேர்த்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட, மிஞ்சும் இரைச்சல் ஐந்தரை ஜான்ஸ்கி. எஸ்என் 1993ஜே போன்ற ஒன்றை நம்பகமாகப் பிடிக்க இரைச்சல் 0.02 ஜான்ஸ்கிக்கு இறங்க வேண்டும். இரைச்சல் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் குறையும் என்பதால் அதற்கு 75,000 மணி நேரம் வேண்டும். எட்டு ஆண்டுக்கும் மேல். அதற்குள் சூப்பர்நோவா மங்கிப் போயிருக்கும்.

அதுவும் தாளில் மட்டுமே சாத்தியம். உண்மையில் முதலில் கழுத்தறுப்பது பெருக்கியின் நிலையின்மை. உச்சி வெயிலில் சூடான பெருக்கி மாலை மழையில் குளிர்ந்து, அதன் பெருக்கம் 0.1 டெசிபெல் நகர்ந்தால் போதும், திரையில் அது பத்தாயிரம் ஜான்ஸ்கிக்கு மேற்பட்ட மாற்றமாகத் தோன்றும். தேடுவதோ 0.1 ஜான்ஸ்கி. போதாக்குறைக்கு 21 செ.மீ. அலையில் இந்த டிஷின் பார்வை அகலம் 10 பாகை அளவு. எம்81இலிருந்து வெறும் 37 கலை (ஒரு பாகையில் 60 கலை) தள்ளியிருக்கும் எம்82, அதைவிடப் பல மடங்கு ரேடியோ ஒளியோடு அதே பார்வைக்குள் உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் இந்த இரண்டும் அடிவானத்துக்கு மேல் 22 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. வடக்கே ஒரு புளோக் இருந்தால் கதை முடிந்தது. டிஷை 3 மீட்டராக்கினால் நான்கு மடங்கு மேம்படும். தேவையோ பல நூறு மடங்கு.

அப்படியானால் டிஷ் எதற்கு? நம் பால்வீதியின் ஹைட்ரஜனுக்கு. அது உமிழும் 1420.4 மெகாஹெர்ட்ஸ் கோடு, ஒரு டிஷ், 15–16 செ.மீ. விட்டமுள்ள டின் ஊட்டி (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் முனை), அதனுள் 5.3 செ.மீ. ஊசி, டின்னின் வாயிலேயே பொருத்திய வடிகட்டியோடு கூடிய பெருக்கி, கணினியில் செருகும் ரேடியோ வாங்கியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், இவ்வளவுக்கே பிடிபடும். இணைப்பிகளும் கேபிளும் சிம் லிம் டவரில் ஒரு மாலையில் கிடைத்துவிடும். பெருக்கியைக் கேபிளுக்குப் பின்னால், கணினிப் பக்கம் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கேபிள் விழுங்கிய பிறகு பெருக்கினால் இரைச்சல்தான் பெருகும். இங்குள்ள ஈரக்காற்றில் வெளியே இருக்கும் இணைப்பிகளை, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றாவிட்டால் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். வீவக வீட்டு வெளிச்சுவரில் நினைத்தபடி மாட்ட முடியாது. பள்ளிக் கூரையென்றாலும் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் மின்னல் காப்பும் வேண்டும்; ஆண்டின் கிட்டத்தட்ட பாதி நாள் இடி இடிக்கும் ஊர் இது. இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு சுவீடனின் ஒன்சாலாவில் உள்ள சால்சா 2.3 மீட்டர் டிஷ்கள் இணையம் வழி மாணவர்களுக்கு இலவசம். ஹைட்ரஜன் அனுபவத்துக்கு அதுவே போதும்.

ஒளித் தொலைநோக்கி: கண்டுபிடிக்க எளிது, முந்துவது கடினம்

10 கோடி ஒளியாண்டு தூரத்தில் வெடிக்கும் சாதாரண 2ஆம் வகை சூப்பர்நோவா 15ஆம் ஒளித்தரம் (எண் கூடினால் மங்கல்) வாக்கில் தெரியும், 1ஏ வகை 13ஆம் ஒளித்தரம். நல்ல இருட்டு வானத்தில் 25 செ.மீ. தொலைநோக்கி இரண்டு நிமிட வெளிப்பாட்டில் இதைச் சிரமமின்றிப் பிடிக்கும். அமெரிக்க மேற்குப் பகுதியின் இரவு நமக்கு முற்பகல் 11 மணி முதல் இரவு 8 வரை என்பதால், அங்குள்ள வாடகைத் தொலைநோக்கிகள் பள்ளி நேரத்துக்குக் கச்சிதம்.

புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். இசட்டிஎஃப், அட்லாஸ் போன்ற தானியங்கித் துருவல்கள் (வானத்தை வரிசையாகப் படமெடுக்கும் திட்டங்கள்) சில நாளுக்கொருமுறை வானம் முழுவதையும் அலசிவிடுகின்றன. 2023 மே 19 அன்று எம்101இல் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப்-ஐ ஜப்பானின் கோஇச்சி இடகாக்கி முந்திப் பிடித்தார் என்றால், அது பல்லாண்டுகள் இரவிரவாக உழைத்தவரின் கைவரிசை. ஓராண்டுத் திட்டத்தை அதில் பணயம் வைக்கக் கூடாது. ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட ஒன்றின் ஒளி வளைவை, அதாவது நாளுக்கு நாள் பிரகாசம் மாறுவதை, வரைவது மட்டும் உறுதியாக முடியும். உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

ரேடியோவுக்கென்று தனி நியாயம் ஒன்று இருக்கிறது: தூசி அதை மறைக்காது. எம்82இன் நடுவில் வெடித்த எஸ்என் 2008ஐஇசட் ஒளியில் யார் கண்ணிலும் படவில்லை. ரேடியோப் படங்களில்தான் 2009இல் அகப்பட்டது. என்ஜிசி 891 திரளில் எஸ்என் 1986ஜேயும் அப்படியே, வெடித்துச் சில ஆண்டுகள் கழித்து ரேடியோவில் தற்செயலாகக் கிடைத்தது.

காப்பகம்: ஏன் இதுவே முதல் தெரிவு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி, 25 மீட்டர் டிஷ்கள் 27 கொண்டது. 2017 செப்டம்பரில் அது தொடங்கிய விஎல்ஏஎஸ்எஸ் துருவல், வட துருவத்திலிருந்து வான நடுவரைக்குத் தெற்கே 40 பாகை வரையிலான வானம் முழுவதையும் 2–4 கிகாஹெர்ட்ஸில், 2.5 விகலை (ஒரு கலையில் 60 விகலை) நுணுக்கத்தில், சுமார் 32 மாத இடைவெளியில் மூன்று சுற்று எடுத்தது. ஒரு சுற்றின் இரைச்சல் 120–140 மைக்ரோ ஜான்ஸ்கி. நம் கூரை டிஷின் ஐந்தரை ஜான்ஸ்கியோடு ஒப்பிட்டால் நாற்பதாயிரம் மடங்கு மேல். படங்கள் இலவசம், அமெரிக்காவின் தேசிய ரேடியோ வானியல் ஆய்வகமான என்ஆர்ஏஓவின் காப்பகத்திலும் கனடாவின் வானியல் தரவு மையத்திலும் கிடைக்கும். 2021இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் சுற்றுப் படங்களில் மட்டும் ரேடியோவில் ஒளிரும் 19 சூப்பர்நோவாக்களை அடையாளம் கண்டது. அதே துருவலில் 48 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து, துணையாக இருந்த கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ உள்ளே மோதியதால் வெடித்ததாகக் கருதப்படும் ஒரு சூப்பர்நோவாவும் அகப்பட்டது.

அதற்காகக் கண்ணில் படுவதெல்லாம் கிடைக்கும் என்று இறங்கிவிடக் கூடாது. சராசரி ரேடியோ சூப்பர்நோவா 10 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து உச்சத்தில் அனுப்புவது 30 மைக்ரோ ஜான்ஸ்கி வாக்கில்தான். விஎல்ஏஎஸ்எஸ்ஸில் அது இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். ஒரு சுற்றில் ஐந்து மடங்கு இரைச்சல் என்ற வரம்பு 0.7 மில்லி ஜான்ஸ்கி. சராசரி ஆசாமி அந்த வரம்பைத் தாண்ட 2 கோடி ஒளியாண்டுக்குள் வெடித்திருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு பிரகாசமான அபூர்வங்களோ 60 கோடி ஒளியாண்டு வரை தெரியும். ஆக வலையில் விழுவது அடர்ந்த வாயுவில் மோதும் 2என் வகை, வெளியுறையை இழந்து வெடிக்கும் 1பி, 1சி வகைகளில் சில, அருகே வெடித்த சில. இருநூறு இலக்கில் கைவிரல் அளவு கிடைத்தால் நல்ல அறுவடை.

வேலை இப்படிப் போகும். புதிய சூப்பர்நோவாக்கள் அறிவிக்கப்படும் இணையப் பட்டியலான டிரான்சியன்ட் நேம் சர்வரிலிருந்து உட்கரு சரிவு வகைகளை (பெரிய விண்மீன் சரிந்து வெடிப்பவை) மட்டும் எடுங்கள்: 2, 2பி, 2என், 1பி, 1சி. தூரம் 10 கோடி ஒளியாண்டுக்குள், 2என் என்றால் இன்னும் தள்ளிப் போகலாம். இருநூறு பெயர் போதும். ஒவ்வொன்றின் இடத்திலும் மூன்று கலைக்கு மூன்று கலை படத்துண்டை மூன்று சுற்றுக்கும் இறக்குங்கள். பிக்சல் ஒரு விகலை என்பதால் துண்டு ஒன்று 130 கிலோபைட் அளவு. 600 துண்டும் சேர்ந்து 80 மெகாபைட்டைத் தாண்டாது, பழைய மடிக்கணினியே தாங்கும். முழுப் படமாக இறக்கினால் ஒவ்வொன்றும் 55 மெகாபைட், அதற்குத் தேவையில்லை. சூப்பர்நோவா இருக்கும் இடத்தைச் சுற்றி 5க்கு 5 பிக்சல் கட்டத்தில் உச்ச மதிப்பை எடுங்கள். இரைச்சலைத் துண்டின் மீதிப் பகுதியிலிருந்து இடைநிலை விலகல் (median absolute deviation) முறையில் கணியுங்கள். சாதாரணத் திட்ட விலக்கம் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் ஒரு குவேசாரே (தொலைதூரத் திரளின் பிரகாசமான மையம்) கணக்கைக் கெடுத்துவிடும். பட்டியலைத் தொடுவதற்கு முன் என்ஜிசி 7331இல் உள்ள எஸ்என் 2014சியில் கை பழகுங்கள். 1பி வகையாகத் தொடங்கி 2என்னாக உருமாறி, ரேடியோவில் ஆண்டுக்கணக்கில் ஒளிர்ந்த ஒன்று அது.

தெரிந்த இடத்தில் தேடுவதா, துண்டு முழுவதும் புதிதாகத் தேடுவதா? மாணவர்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். எண்ணிப் பாருங்கள்: ஒரு துண்டில் ஒன்றையொன்று சாராத புள்ளிகள் 4,500க்கு மேல். நான்கு மடங்கு இரைச்சல் என்று வரம்பு வைத்தால், 600 துண்டுகளில் வெறும் தற்செயலாகவே 80க்கும் மேற்பட்ட பொய்ப் புள்ளிகள் முளைக்கும். தெரிந்த இடத்தில் மட்டும் பார்த்தால் அதே வரம்பில் ஒரு பொய்கூட எதிர்பார்க்க வேண்டியதில்லை. குருட்டுத் தேடலுக்கு ஐந்து மடங்கு வைத்தால் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே வரும், ஆனால் அது இரைச்சல் சீராக இருந்தால்தான். பிரகாசமான மூலங்களைச் சுற்றி நட்சத்திர வடிவில் ஓடும் கீற்றுகள் அந்தச் சீரைக் குலைத்துவிடும்.

ஏமாறும் இடங்கள் வழக்கமானவை. விண்மீன் திரளின் சரியான மையத்தில் புதிய புள்ளி தோன்றினால் அது பெரும்பாலும் அங்குள்ள கருந்துளையின் பிரகாச ஏற்ற இறக்கம். மையத்திலிருந்து சில விகலையாவது தள்ளியிருந்தால்தான் ஆசைப்படலாம். விஎல்ஏஎஸ்எஸ் உடனுக்குடன் வெளியிடும் விரைவுப் படங்களின் (Quick Look) பிரகாசம், குறிப்பாக முதல் சுற்றின் முதல் பாதியில், 10–15 விழுக்காடு குறைவாகவே பதிவாகியிருக்கிறது. 3 மில்லி ஜான்ஸ்கிக்குக் கீழே எண்களை நம்பி வளைவு வரையக் கூடாது. விஎல்ஏ 1990களில் தொடங்கிய பழைய துருவல்களான என்விஎஸ்எஸ், ஃபர்ஸ்ட் படங்களோடு ஒப்பிடுபவர்கள் அதிர்வெண் மாறியதை மறந்துவிடுகிறார்கள். 1.4 கிகாஹெர்ட்ஸில் 10 மில்லி ஜான்ஸ்கி இருக்கும் சாதாரண மூலம் 3 கிகாஹெர்ட்ஸில் 6க்கு அருகில்தான் இருக்கும், அது மங்கவில்லை. என்விஎஸ்எஸ்ஸின் நுணுக்கமோ 45 விகலை; ஒரு திரள் முழுவதையும் ஒரே கறையாக்கிவிடும்.

ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் ரேடியோ தொலைநோக்கி எடுத்த ராக்ஸ் துருவலையும் சிலர் கேட்பார்கள். 12 மீட்டர் டிஷ்கள் 36, 888 மெகாஹெர்ட்ஸ், இரைச்சல் கால் மில்லி ஜான்ஸ்கி. விஎல்ஏஎஸ்எஸ் எட்டாத தெற்கு வானத்துக்கு இது கைகொடுக்கும். நுணுக்கம் 15 முதல் 25 விகலை என்பதால், 6 கோடி ஒளியாண்டில் அது 4,000 ஒளியாண்டுக்கு மேற்பட்ட அகலம். சூப்பர்நோவாவும் திரளின் மையமும் ஒட்டிக்கொள்ளும். விஎல்ஏஎஸ்எஸ்ஸில் அதே தூரத்தில் அந்த அகலம் 700 ஒளியாண்டு வாக்கில்தான். முதலில் விஎல்ஏஎஸ்எஸ், கிடைத்ததைச் சரிபார்க்க ராக்ஸ். வெடித்துப் பல ஆண்டுகளான, தாழ் அதிர்வெண்ணில் பிந்தி எழுந்தவற்றுக்கு மட்டும் ராக்ஸ் முந்தும்.

ஜிஎம்ஆர்டி: இரண்டாம் ஆண்டுக்கு

நாராயண்காவ் அருகே 45 மீட்டர் ஆண்டெனாக்கள் 30, அதிகபட்ச இடைத்தூரம் 25 கிலோமீட்டர். எந்த நாட்டினரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு சுற்று: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். போட்டி கடுமை, பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரராக இல்லாமல் ஒரு தொடக்கக் கல்லூரிக் குழு தனியாகப் போவதில் பயனில்லை.

கேட்பதென்றால் 1050–1450 மெகாஹெர்ட்ஸ் பட்டையைக் கேளுங்கள். கீழுள்ள பட்டைகளில் வாயு இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கும். செய்தி வந்த மறுநாளே ஓட வேண்டியதும் இல்லை: எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் வெறும் 2 கோடி ஒளியாண்டில் வெடித்தும், சுமார் ஒரு மாதம் கழித்தே விஎல்ஏவுக்கு 10 கிகாஹெர்ட்ஸில் தெரிந்தது. ஜிஎம்ஆர்டியின் அதிர்வெண்ணில் இன்னும் பிந்தும்.

தரவு வந்த பிறகுதான் உண்மையான வேலை. 30 ஆண்டெனா என்றால் 435 இணை. 2048 அலைத் தடம், இரண்டு முனைவாக்கம், 8 விநாடிக்கொரு பதிவு என்றால் ஐந்து மணி நேரத்துக்கு 32 ஜிகாபைட். ரேடியோ தரவைப் படமாக்கும் காசா மென்பொருள் திருத்திய தரவையும் மாதிரியையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளும்போது அது நூறைத் தொடும். 3சி286 போன்ற அளவுகோல் மூலத்தால் பிரகாசத்தைத் திருத்துவது, அரை மணிக்கொருமுறை பார்த்த அண்டை மூலத்தால் அலையின் கட்டத்தை (phase) திருத்துவது, கைப்பேசி, விமான அலைகளை வெட்டி எறிவது, படமாக்கி அந்தப் படத்தைக் கொண்டே மறுபடி திருத்துவது. வழிகாட்டி இல்லாத குழு முதல் அடியிலேயே மாதங்களைத் தொலைக்கும். நேரம் கிடைக்கும் முன்பே பழகலாம்: எடுத்தவருக்கு மட்டுமான 18 மாதக் காப்பு முடிந்த பழைய அவதானிப்புகள் ஜிஎம்ஆர்டி காப்பகத்தில் திறந்தே கிடக்கின்றன. யாரோ வேறு காரணத்துக்காக அதே திரளைப் பார்த்த தரவு கிடைத்தால், விண்ணப்பமே போடாமல் ஒரு புள்ளி உங்கள் வளைவில் ஏறிவிடும்.

காசுக் கணக்கில் சொன்னால், காப்பக வழிக்குச் செலவு சுழியம், ஜிஎம்ஆர்டி தரவுக்கு ஒரு 4 டெராபைட் வன்தட்டும் நல்ல நினைவகமும் வாங்க மானியம் போதும். கை துறுதுறுக்கும் மாணவர்கள் இருந்தால் மிச்சத்தில் ஹைட்ரஜன் டிஷ் கட்டட்டும். அதை சூப்பர்நோவாத் திட்டம் என்று மட்டும் விண்ணப்பத் தாளில் எழுத வேண்டாம்; மதிப்பீட்டாளர் மேலே போட்ட கணக்கை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார்.

எதுவும் தெரியாத இடத்திலும் முடிவு உண்டு. மூன்று மடங்கு இரைச்சலை மேல் வரம்பாக, தேதி, அதிர்வெண், தூரத்தோடு எழுதுங்கள். 294இல் தெரியாமல் போனவையும் அந்தத் தொகுப்பாய்வில் இப்படித்தான் பயன்பட்டன. ஏதாவது தெரிந்தால், அறிவிப்பதற்கு முன் வெடிப்புக்குப் பிந்தைய மற்றச் சுற்றுகளிலும் அதே இடத்தில், ஒரு விகலைக்குள், இருக்கிறதா என்றும், வெடிப்புக்கு முந்தைய ஃபர்ஸ்ட் படத்தில் ஏற்கெனவே இருந்ததா என்றும் பாருங்கள். வெடிப்பதற்கு முன்பே அங்கே இருந்த புள்ளி பின்னணிக் குவேசாராகவோ விண்மீன் பிறக்கும் மேகமாகவோதான் இருக்கும்.